தண்டப் பணத்தில் எழுந்த இல்லம்

தவறு செய்தவனிடமிருந்து தண்டம் வாங்குவது உலகின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. மன்னர்கள் வாங்கினர், ஊர்ச்சபைகள் வாங்கின, இன்று நீதிமன்றங்கள் வாங்குகின்றன. எவ்வளவு வாங்குவது முறை, எக்குற்றத்திற்கு வாங்குவது தகும் என்பன பற்றி அறிஞர்கள் நிறையவே எழுதிவைத்துள்ளனர். ஆயின் வாங்கிய பணம் எங்கே போகின்றது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. தண்டித்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று அமைதி அடைந்துவிடுகின்றோம். உண்மையில் அவ்விடத்தில்தான் மற்றொரு கணக்குத் தொடங்குகின்றது.

இக்கேள்வி வேறெங்கும் விடப் படைகளில் கூர்மை பெறுகின்றது. படைவீரன் நினைத்தபோது வேலையை உதறிவிட்டு வெளியேற முடியாது. அவன் ஊதியம் சிறிது. அவனை விசாரிப்பவர் வெளியிலிருந்து வரும் நடுவர் அல்லர். அவனை நாள்தோறும் ஏவுகின்ற அதிகாரிகளே நீதிபதிகளாகவும் அமர்கின்றனர். பழைய ஐரோப்பியப் படைகளில் அணியின் ஊதியம் முழுவதும் அணித்தலைவனின் கை வழியாகவே வீரர்களுக்குச் சென்றது. இறந்துபோனவர்களின் பெயர்களைப் பட்டியலில் நீட்டித்து, அவர்களுக்குரிய ஊதியத்தைத் தம் பையில் போட்டுக்கொண்ட தலைவர்கள் அக்காலத்தில் மலிந்திருந்தனர். இத்தகைய கைகளில் தண்டத் தொகையும் தங்கிவிடுமானால் வீரன் செய்யும் ஒவ்வொரு பிழையும் தலைவனுக்கு ஒரு வருவாயாகிவிடும் அன்றோ? ஆகவே ஒரு படையின் நீதி எத்தகையது என்பதை அறிய விரும்புவோர், அது விதிக்கும் தண்டனைகளை மட்டும் பார்த்தால் போதாது. தண்டப் பணம் எந்தப் பெட்டியில் விழுகின்றது என்பதையும் பார்க்க வேண்டும்.

படைகளில் பணத்தண்டம் புதியதன்று. உரோமைப் பேரரசின் சட்ட வல்லுநரான மொதெஸ்தீனுஸ், கி.பி. 3ஆம் நூற்றாண்டில் படைவீரருக்குரிய தண்டனைகளை வரிசைப்படுத்தும்போது, அடி, பணத்தண்டம், கூடுதல் வேலை, பணிமாற்றம், பதவியிறக்கம், இகழ்ச்சியோடு வெளியேற்றம் என்று குறிப்பிடுகின்றார். எனினும் தண்டப் பணத்தின் பயணத்தைத் தொடக்கம் முதல் நம் காலம் வரை தொடர்ந்து காண வேண்டுமெனில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படை வரலாறே நமக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைகின்றது. ஏறத்தாழ 250 ஆண்டுகளாக அங்கு அப்பணத்தின் ஒரு பகுதி நோயுற்ற, முதிர்ந்த படைவீரர்களின் பராமரிப்பிற்கென்றே ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வரலாற்றில் அழகும் உண்டு, உறுத்தலும் உண்டு. இரண்டையும் இங்கு எண்ணிப் பார்ப்போம்.

நோயுற்றோருக்கு ஒரு பங்கு

1775ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், இங்கிலாந்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவை, தன் புதிய படைக்கான விதிகளை இயற்றியது. பிரித்தானியப் படையின் பழைய விதிகளை ஒட்டி எழுதப்பட்ட அவ்விதிகளின் இரண்டாம் பிரிவு, இறைவழிபாட்டில் தகாதவாறு நடந்துகொள்ளும் வீரனைப் பற்றியது. முதல் முறை அவன் டாலரில் ஆறில் ஒரு பங்கை இழக்க வேண்டும். அத்தொகை அடுத்த ஊதியத்தில் பிடிக்கப்படும். இரண்டாம் முறை அதே தொகையோடு ஒரு நாள் காவலும் சேரும். ஆணையிட்டும் சாபமிட்டும் பேசுகின்ற வீரனுக்கும் இதே தண்டம். அதிகாரி அவ்வாறு பேசினால் ஒவ்வொரு முறையும் நான்கு ஷில்லிங் செலுத்த வேண்டும்.

நம் கவனத்தை ஈர்ப்பது அப்பிரிவின் இறுதித் தொடர். பிடிக்கப்படும் பணம் குற்றவாளி எந்த அணியைச் சேர்ந்தவனோ, அந்த அணியில் நோயுற்றிருக்கும் வீரர்களுக்குப் பயன்பட வேண்டும் என்று அது விதித்தது. அக்காலத்தில் சாதாரண வீரனின் மாத ஊதியம் ஏறத்தாழ ஆறே முக்கால் டாலர். எனவே தண்டம் ஒரு நாள் கூலியையும் எட்டாத சிறு தொகைதான். ஆயினும் அது போய்ச் சேரும் இடத்தை விதியே குறிப்பிட்டுவிட்டதால், அணித்தலைவன் அதைத் தனதாக்கிக்கொள்ள வழியில்லை. ஞாயிறு காலை வழிபாட்டில் சிரித்துக் கூத்தடித்தவனின் காசு, காய்ச்சலில் படுத்திருக்கும் அவன் கூடாரத் தோழனுக்கே சென்றது. யாருக்காகக் கொடுக்கின்றோம் என்பதைக் கொடுத்தவனும் அறிந்திருந்தான்.

தலைமைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் இக்குற்றத்தைச் சிறிதாக எண்ணவில்லை. 1776ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் நியூயார்க்கில் அவர் பிறப்பித்த கட்டளை, வீரர்கள் வழிபாட்டிற்குச் செல்வதற்கு வசதியாக ஞாயிற்றுக்கிழமைகளில் கடும் வேலைகளிலிருந்து விடுப்பு அளித்தது. அத்துடன், படையில் பெருகிவந்த சாபச் சொற்களைக் குறித்துத் தம் வருத்தத்தையும் அதிலேயே தெரிவித்தார். 1806ஆம் ஆண்டு விதிகள் திருத்தி எழுதப்பட்டபோதும் நோயுற்றோருக்கான அப்பங்கு நீக்கப்படவில்லை.

கடற்படையும் இதே வழியைப் பின்பற்றியது. மாலுமிகளின் ஊதியத்திலிருந்து மாதம் 20 சென்ட் பிடித்து மருத்துவமனை நிதி ஒன்று சேர்க்கப்பட்டு வந்தது. 1811ஆம் ஆண்டுச் சட்டம், கடற்படையினர்மீது விதிக்கப்படும் தண்டங்களையும் அந்நிதியில் சேர்க்கச் சொன்னது. பிலடெல்பியா நகரில் முதிய மாலுமிகளுக்காக எழுந்த புகலிடம் அந்நிதியின் பயனே. தரைப்படையின் முதியவர்களுக்கோ அத்தகைய வீடு ஒன்று அமைய இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மெக்சிகோவிலிருந்து வந்த பணம்

முதிய வீரனுக்கு உறைவிடம் தருவது யார் கடமை என்ற கேள்வி ஐரோப்பாவில் முன்பே எழுந்திருந்தது. பிரான்சு நாட்டில் ஊனமுற்ற வீரர்களைத் துறவு மடங்கள் ஏற்றுப் பராமரிக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். மடத்தில் பொதுநிலைத் துணைவர்களாகத் தங்கிய அவர்கள், மணி அடிப்பது, வாயில் காப்பது போன்ற பணிகளைச் செய்துவந்தனர். போர்க்களத்தில் பழகியவர்களுக்கு மடத்தின் அமைதி பொருந்தவில்லை. மடத்தினருக்கும் அவர்கள் பொருந்தவில்லை. 1670ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னர் பாரிசில் ஊனமுற்ற வீரர்களுக்கெனப் பெரும் இல்லம் அமைக்க ஆணையிட்டபோது, மடங்கள் அதுவரை ஏற்றுவந்த செலவு அவ்வில்லத்திற்குத் திருப்பப்பட்டது. போர்ச் செலவுகளிலும் ஒரு சிறு பிடித்தம் செய்யப்பட்டது. 1682இல் இலண்டனை அடுத்த செல்சியில் இரண்டாம் சார்லஸ் மன்னர் தொடங்கிய இல்லத்திற்கும் வீரர்களின் ஊதியத்திலிருந்தே பணம் பிடிக்கப்பட்டது.

அமெரிக்காவில் போர்க் காயத்தால் ஊனமுற்றவர்களுக்குச் சிறு உதவித்தொகை இருந்தது. காயம் ஏதுமின்றி, இருபது ஆண்டுகள் எல்லைக் கோட்டைகளில் காவல் நின்று தேய்ந்துபோன வீரனுக்கோ எதுவுமில்லை. 1840களில் காலாட்படை வீரனின் மாத ஊதியம் 7 டாலர். படையில் சேர்ந்தவர்களுள் பலர் அயர்லாந்திலிருந்தும் செர்மானிய நாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த ஏழைகள். முதுமையில் அவர்களைத் தாங்க உறவினர்கள் அந்நாட்டில் இல்லை. இராபர்ட் ஆண்டர்சன் என்னும் அதிகாரி இவர்களுக்காக ஓர் இல்லம் வேண்டுமென்று பல ஆண்டுகள் வாதாடினார். நாடாளுமன்றம் அசையவில்லை.

அசைத்தது ஒரு போர். 1846இல் அமெரிக்கா மெக்சிகோவோடு போர் தொடுத்தது. 1847ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் தளபதி வின்பீல்டு ஸ்காட் மெக்சிகோ நகருக்குள் நுழைந்தார். நகரைச் சூறையாடாமல் விடுவதற்கு ஈடாக 1,50,000 டாலர் செலுத்துமாறு நகர மக்களுக்கு அவர் கட்டளையிட்டார். அதில் ஒரு பகுதியைத் தம் வீரர்களின் போர்வைகளுக்கும் காலணிகளுக்கும், மருத்துவமனையிலிருந்து வெளிவரும் காயம்பட்டோருக்கும் செலவிட்டார். பின்பு 1,00,000 டாலரை முதிய வீரர்களின் இல்லத்திற்கென நாட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அதே செப்டம்பரில் நடந்த மற்றொன்றையும் நாம் மறந்துவிடலாகாது. அமெரிக்கப் படையிலிருந்து ஓடிப்போய் மெக்சிகோவின் பக்கம் நின்று போரிட்டவர்கள் புனித பேட்ரிக் பெயரால் ஓர் அணியாகச் சேர்ந்திருந்தனர். அவர்களுள் பலர் அயர்லாந்தில் பிறந்த கத்தோலிக்கர். தங்கள் சமயத்தையும் பிறப்பையும் இகழ்ந்த அதிகாரிகளின் கொடுமை அவர்களை விரட்டிய காரணங்களுள் ஒன்றென வரலாற்று ஆசிரியர்கள் கருதுகின்றனர். பிடிபட்டவர்களை இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. அத்தீர்ப்புகளை ஆராய்ந்து சிலருக்குத் தண்டனையைக் குறைத்தவரும், மற்றவர்க்கு உறுதிசெய்தவரும் ஸ்காட்டே. ஏறத்தாழ 50 பேர் தூக்கிலிடப்பட்டனர். போர் தொடங்குமுன்னரே ஓடியவர்கள் கசையடி பெற்று, ஓடுகாலி என்பதைக் குறிக்கும் எழுத்தால் முகத்தில் சூடுபோடப்பட்டனர். படையைவிட்டு ஓடியவன் என்ற சொல்லுக்குள் கோழையும் இருக்கலாம். அவமானம் தாங்காத ஏழையும் இருக்கலாம். இனி நாம் சொல்லப்போகும் நிதியில் அவ்விருவரின் காசும் கலந்திருந்தது.

நான்கு ஊற்றுகள்

1851ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், மேலவை உறுப்பினர் செபர்சன் டேவிஸ் ஆதரவோடு, இல்லத்திற்கான சட்டம் நிறைவேறியது. அந்நிதிக்கு நான்கு முதன்மையான ஊற்றுகளைச் சட்டம் திறந்துவிட்டது. முதலாவது, மெக்சிகோ நகரில் பெற்ற பணத்தின் மீதி. இரண்டாவது, ஒவ்வொரு வீரனின் ஊதியத்திலிருந்தும் மாதம் 25 சென்ட். ஏழு டாலர் வாங்குபவனுக்கு அது ஒரு நாள் கூலிக்குச் சற்று மேல். 1859இல் அது பாதியாகக் குறைக்கப்பட்டது. மூன்றாவது, இராணுவ நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டங்களும், படையைவிட்டு ஓடியவர்கள் இழந்துபோகும் ஊதிய பாக்கியும். நான்காவது, இறந்த வீரர்களின் உடைமையில், மூன்று ஆண்டுகள்வரை எவரும் உரிமை கோராத பணம். பின்னாளில் வாரிசு வந்து கேட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும்.

மூன்றாம் ஊற்றில் சட்டம் ஒரு வரம்பு வைத்தது. வீரன் அரசுக்கோ தனி மனிதருக்கோ இழப்பு ஏற்படுத்தியிருந்தால், தண்டப் பணத்திலிருந்து முதலில் அவ்விழப்பு ஈடுசெய்யப்பட வேண்டும். எஞ்சியதே இல்லத்திற்குச் சேரும். அறத்தின் வரிசை இதில் சரியாகவே அமைந்திருக்கின்றது. பிறரிடம் கடன்பட்டவன் தருமம் செய்யுமுன் கடனைத் தீர்க்க வேண்டும் என்று நம் பெரியோர் சொல்வதும் இதுவே.

இந்நான்கையும் ஒன்றாக நிறுத்திப் பார்க்கின்றபோது ஓர் உண்மை புலனாகின்றது. தோற்ற ஊரின் பணம், வேலை செய்யும் வீரனின் பணம், தவறிய வீரனின் பணம், இறந்த வீரனின் பணம் ஆகியவை இதில் உள்ளன. எந்த நாட்டின் எல்லையை அவர்கள் காத்தனரோ, அந்நாட்டுக் குடிமக்களின் வரிப்பணத்தை இவ்வில்லம் நெடுங்காலம் சார்ந்திருக்கவில்லை. இல்லத்தை நிறுவியோர் அதைப் பெருமையாகவே கருதினர். வீரன் பிச்சைக்காரனாக இல்லாமல் தன் சொந்தப் பணத்தில் கட்டிய வீட்டில் தலைநிமிர்ந்து வாழ்கின்றான் என்றனர். அதில் உண்மை உண்டு. ஆனால் நாடு தன் கடனைத் தீர்க்காமல் ஒதுங்கிக்கொண்டது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

வாஷிங்டன் நகரின் வடபுறக் குன்றில் இரிக்ஸ் என்னும் வங்கி உரிமையாளரின் மாளிகையும் நிலமும் விலைக்கு வாங்கப்பட்டன. நகரின் வெப்பத்திலிருந்து சற்று விலகிக் குளிர்ந்த காற்று வீசும் இடம் அது. குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் 1862, 1863, 1864 ஆகிய ஆண்டுகளின் கோடைக்காலங்களை அம்மாளிகையிலேயே கழித்தார்; அடிமைகளின் விடுதலை அறிக்கை பற்றிய சிந்தனையிலும் எழுத்திலும் அவர் அங்கு ஈடுபட்டிருந்தார். அருகிலேயே 1861இல் திறக்கப்பட்ட படைவீரர் கல்லறையில் நாள்தோறும் புதுக் குழிகள் தோண்டப்படுவதையும் அவர் கண்டிருப்பார். அடிமைத்தளை அறுபடுவதற்கான அறிக்கை உருவான அந்த வீட்டைப் பேணிய நிதியில், கசையடிபட்ட ஏழை வீரனின் தண்டக் காசும் இருந்தது என்பது வரலாற்றின் விந்தை.

கதவருகே ஒரு நிபந்தனை

யார் யார் இல்லத்தில் தங்கலாம்? இருபது ஆண்டுகள் நேர்மையாகப் பணியாற்றியவர்களும், பணியின்போது பட்ட காயத்தாலோ நோயாலோ உழைக்க இயலாதவர்களும் தங்கலாம். கொடிய குற்றங்களுக்காகப் பொது நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு இடமில்லை. படையைவிட்டு ஓடியவன், கலகம் செய்தவன், குடிக்கு அடிமையானவன் ஆகியோரையும் எளிதில் சேர்ப்பதில்லை.

இங்கு நெஞ்சம் சற்றுத் தயங்குகின்றது. ஓடியவனின் ஊதிய பாக்கியும், குடித்துத் தண்டம் கட்டியவனின் பணமும் சுவர்களாக எழுந்து நிற்கின்றன. அச்சுவர்களுக்குள் நுழைய அவர்களுக்கே தடை. தவறியவன் கொடுத்தான், தவறாதவன் துய்த்தான். உலக நீதி அப்படித்தான் என்று சொல்லிவிட்டு நாம் கடந்துபோகலாம்.

ஆனால் சட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. ஓடியவனும் கலகக்காரனும் குடிகாரனும் பின்னர் மீண்டும் பணிபுரிந்து, நன்னடத்தை காட்டி, தங்கள் ஒழுக்கம் திருந்தியதற்குப் போதிய சான்று தந்தால், இல்லத்தின் ஆணையர்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அது கூறியது. பணம் செலுத்தியதால் மட்டும் கதவு திறக்கவில்லை. பணம் செலுத்திய குற்றம் ஒன்றினால் மட்டும் கதவு என்றைக்குமாக மூடப்படவும் இல்லை. தண்டம் உடலையும் பையையும் தொடும். மனமாற்றத்தை அது வாங்கித் தராது. இவ்வேறுபாட்டைப் படைச் சட்டம் ஒன்று, தன் உலர்ந்த மொழியிலேயே, உணர்ந்திருந்தது என்பது நமக்கு வியப்பும் ஆறுதலும் தருகின்றது.

ஒழுக்கம் உயர்ந்தபோது

தண்டப் பணத்தை நம்பி இல்லம் நடத்துவதில் உள்ள இடர்ப்பாடு உள்நாட்டுப் போருக்குப் பின் தெளிவாயிற்று. 1865ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், ஊனமுற்ற தன்னார்வப் படையினருக்காக மற்றொரு தேசிய இல்லத்தை அமைக்கும் சட்டத்தில் லிங்கன் கையொப்பமிட்டார். அதற்கும் நிதி, போர்க்காலத் தண்டங்களிலிருந்தும், ஓடியவர்களின் ஊதியத்திலிருந்தும், உரிமை கோரப்படாத பணத்திலிருந்தும் வந்தது. 1866இல் மெய்ன் மாநிலத்தின் டோகஸ் என்ற இடத்தில் முதல் கிளை திறக்கப்பட்டது. ஆனால் தன்னார்வப் படை போர் முடிந்ததும் கலைந்துபோயிற்று. கலைந்த படையில் புதிய தண்டங்கள் ஏது? ஊற்று வற்றுவது உறுதி. முதியோர் எண்ணிக்கையோ பெருகிக்கொண்டே வந்தது. ஆகவே 1875இல் நாடாளுமன்றம் அவ்வில்லங்களுக்குப் பொதுக் கருவூலத்திலிருந்தே நேரடியாகப் பணம் ஒதுக்கத் தொடங்கியது. நாட்டின் கடனை நாடே ஏற்ற நாள் அது.

நிலையான படையின் பழைய இல்லமோ தன் பழைய ஊற்றுகளோடேயே தொடர்ந்தது. அவற்றிற்குக் குறைவும் இல்லை. 1871இல் வீரனின் மாத ஊதியம் 16 டாலரிலிருந்து 13 டாலராகக் குறைக்கப்பட்டபோது, அந்த ஓராண்டில் மட்டும் படையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஓடிப்போயினர். அவர்கள் விட்டுச்சென்ற பாக்கி முதியோர் நிதிக்கு உரியதாயிற்று. அரசு ஊதியத்தைக் குறைத்தது. அதனால் இளைஞர் ஓடினர். அவ்வோட்டத்தால் முதியோர் இல்லத்தின் வருவாய் கூடியது. இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் சட்டப்படி சரியானதே. முழுச் சங்கிலியையும் நோக்குகின்றபோது மனம் ஒப்பவில்லை.

1991இல் தரைப்படை இல்லமும் மாலுமிகளின் இல்லமும் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. மாலுமிகளின் இல்லம் 1976லேயே பிலடெல்பியாவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்தின் கல்ப்போர்ட் கடற்கரைக்கு மாற்றப்பட்டிருந்தது. இணைந்த நிறுவனத்திற்கும் ஒரு பொது நிதி. அதற்கும் படையினரின் மாதப் பிடித்தமும் தண்டப் பணமுமே முதன்மையான வருவாய். இக்காலத்தில் சிறு குற்றங்களுக்கு நீதிமன்றம் கூட்டத் தேவையில்லை. அணித்தலைவர் ஏழு நாள் ஊதியம் வரையிலும், அவருக்கு மேற்பட்ட அதிகாரி அரை மாத ஊதியத்தை இரண்டு மாதங்கள் வரையிலும் பறிக்கலாம். அவ்வாறு பறிக்கப்படும் தொகையில் ஒரு பங்கு அதிகாரியின் கைக்கோ அவருடைய அணியின் செலவுக்கோ போகாமல், தொலைவிலுள்ள முதியோர் நிதியில் சேருமாறு சட்டம் அமைந்துள்ளது. தண்டிப்பவனுக்கும் பணத்திற்கும் இடையே இவ்வாறு ஒரு மதில் எழுப்பியதை நாம் மனமாரப் பாராட்டலாம்.

ஆனால் கெடுபிடிப் போர் முடிந்ததும் படை சுருங்கியது. 1990இல் 20 இலட்சத்திற்கு மேல் இருந்த வீரர்களின் எண்ணிக்கை 2000இல் 14 இலட்சத்திற்கும் கீழே இறங்கியது. ஆட்கள் குறைந்ததால் தண்டங்களும் குறைந்தன. தண்டங்கள் குறைந்ததால் முதியவர்களின் நிதி தளர்ந்தது. 2004இல் வாஷிங்டன் இல்லத்தின் நிலத்தில் ஒரு பகுதி, அருகிலிருந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திற்கு விற்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் கத்ரீனா புயல் கல்ப்போர்ட் இல்லத்தை அழித்தது; 2010இல்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. ஈராக்கிலும் ஆப்கானித்தானிலும் நடந்த போர்கள் தணிந்து, படை மறுபடியும் சுருங்கியபோது தண்டப் பணம் மேலும் வீழ்ந்தது. 2010களின் நடுவில் நாடாளுமன்றம் பொதுக் கருவூலத்திலிருந்து பணம் தந்தே இல்லத்தைத் தாங்க வேண்டியதாயிற்று.

இதன் உட்பொருளை ஆழ்ந்து நோக்குவோம். இளம் வீரர்கள் ஒழுங்காக நடந்துகொண்டால், அது எந்தத் தளபதிக்கும் மகிழ்ச்சிதரும் செய்தி. இல்லத்தின் கணக்கரின் ஏட்டிலோ அது இழப்பாகப் பதிவாகின்றது. ஓர் அறநிறுவனம் பிறருடைய பிழையை எதிர்பார்த்து வாழுமாறு அமைக்கப்பட்டுவிட்டால், அதை நடத்துவோர் எத்துணை நல்லவராயினும், உலகம் திருந்துவதை முழு மனத்தோடு விரும்ப இயலாத இக்கட்டில் சிக்கிக்கொள்கின்றனர்.

யார் கடன்?

தண்டப் பணத்தை வைத்து நற்செயல் செய்யலாகாது என்று நாம் கூறவில்லை. யூதாசு எறிந்துவிட்டுப் போன வெள்ளிக் காசுகளைக் கையிலெடுத்த தலைமைக் குருக்கள், இது இரத்தத்தின் விலை, காணிக்கைப் பெட்டிக்கு ஆகாது என்று கண்டனர். பின்பு அதைக் கொண்டு அந்நியரை அடக்கம் செய்யக் குயவன் நிலத்தை வாங்கினர். பணம் கறைபட்டது, அது சென்றடைந்த பயனோ ஏழைக்கு இரக்கம். அந்நிலத்தை வாங்கியதனால் அவர்களின் குற்றம் குறையவில்லை என்பதையும் மறப்பதற்கில்லை. நற்செயலுக்குப் பயன்படுவதனால் மட்டும் பணத்தின் வரலாறு தூய்மையாகிவிடாது. அவ்வரலாற்றைக் காரணம் காட்டி ஏழையின் அடக்கத்தையும் தடுத்துவிடலாகாது.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று நெறிகளை நாம் பெறலாம். தண்டிப்பவன் கையில் தண்டப் பணம் தங்கலாகாது; இதை 1775ஆம் ஆண்டு விதியே நன்கு உணர்ந்திருந்தது. இழப்புற்றவருக்கு ஈடு செய்த பின்னரே எஞ்சியது பொது நன்மைக்குச் செல்ல வேண்டும். இதை 1851ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குக் கற்பிக்கின்றது. மூன்றாவது நெறியைக் கற்கத்தான் நெடுங்காலம் ஆயிற்று. தண்டப் பணம் அன்புக்கு மிகையாக வந்து சேரும் பொருளாக இருக்கலாம். நீதிக்கு அடித்தளமாக இருத்தல் ஆகாது. முப்பது ஆண்டுகள் பணியாற்றிய சாதாரண வீரனுக்கு ஓய்வூதியம் தர வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது 1885இல்தான். அதுவரை அவனுடைய முதுமையைத் தாங்கியவை அவனது சொந்தக் காசும், ஓடிப்போன தோழனின் பாக்கியும், உறவின்றி இறந்தவனின் மூட்டையுமே. ஏழைகள் ஏழையைத் தாங்கினர். அதிலுள்ள தோழமையை நாம் வணங்குகின்றோம். ஆனால் தாங்கியிருக்க வேண்டியவர் வேறொருவர்.

தண்டம் தவறியவனின் கடனைக் குறிப்பது. ஓய்வுகாலப் பராமரிப்போ உழைப்பைப் பெற்றுக்கொண்டவனின் கடனைக் குறிப்பது. இரண்டும் வெவ்வேறு கடன்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தீர்த்துவிட்டதாக எண்ணுவது, பக்கத்து வீட்டுக்காரன் கட்டிய அபராதத்தைக் காட்டி நம் வீட்டு வேலையாளுக்குக் கூலி கொடுத்துவிட்டோம் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

வாஷிங்டன் குன்றின்மேல் அவ்வில்லம் இன்றும் நிற்கின்றது. லிங்கன் தங்கிய மாளிகை 2008 முதல் பொதுமக்களின் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளது. அதைக் காண வருகின்றவர்கள் விடுதலை அறிக்கையின் சிறப்பைக் கேட்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அதே வளாகத்தில் மற்றொரு கட்டடத்தின் நிழலில் முதிய வீரர்கள் அமர்ந்திருக்கின்றனர். எங்கோ ஒரு முகாமில் காலந்தாழ்த்தி வந்ததற்காக ஊதியம் இழந்த ஓர் இளைஞனுக்கு அவர்களைத் தெரியாது. அவர்களுக்கும் அவனைத் தெரியாது. அவன் காசு அவர்களுடைய தட்டில் சோறாகின்றது. அவனும் ஒருநாள் முதியவனாவான். அன்று அவனுக்குரிய சோறு, வேறொரு இளைஞன் தவறு செய்தானா என்பதைப் பொறுத்திராமல், அவன் உழைப்பைப் பெற்றுக்கொண்ட நாட்டின் கையிலிருந்து வருதல் வேண்டும்.